பெயரை மாற்றினால் பாக்கி தீருமா?

2020ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஐரீன் டிரிப்லெட் என்ற 90 வயது மூதாட்டி இறந்து போனார். அவரோடு சேர்ந்து அமெரிக்க அரசின் ஒரு கணக்கும் மூடப்பட்டது. மாதம் 73 டாலர் 13 சென்ட். அது என்ன கணக்கு தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான ஓய்வூதியம்!

ஆமாம், ஆபிரகாம் லிங்கன் காலத்துப் போர்தான். 1865இல் முடிந்து போனது. ஐரீனின் அப்பா அதில் சண்டையிட்டவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்குப் பிறந்த பெண் ஐரீன். மனவளர்ச்சி குறைந்த மகள் என்பதால் அப்பாவின் ஓய்வூதியம் அவருக்குக் கடைசி வரை வந்து கொண்டிருந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்து 155 வருடம் கழித்துத்தான் அந்தப் போரின் கடைசி பில் செட்டில் ஆனது.

இது ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். போர்ச் செலவுகளை ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியை லிண்டா பில்ம்ஸ் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார். முதல் உலகப் போர் வீரர்களுக்கு அமெரிக்க அரசு அதிகபட்ச இழப்பீடு கொடுத்த ஆண்டு 1969. போர் முடிந்தது 1918இல்! இரண்டாம் உலகப் போருக்கு அந்த உச்சம் 1980களின் பிற்பகுதியில் வந்தது. போருக்கான செலவு குண்டோடும் டாங்கியோடும் முடிந்துவிடுவதில்லை. சண்டை முடிந்து வீடு திரும்பிய மனிதனுக்காகவும் பல வருடம் தொடர்கிறது.

பிளஸ் ஒன் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு ‘கொடுபட வேண்டிய செலவு’ என்றால் என்ன என்று தெரியும். பணம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை என்றாலும் செலவு இந்த வருடத்தில் ஏற்பட்டிருந்தால் இந்த வருடக் கணக்கில் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் லாபம் பொய்யாகக் கூடித் தெரியும். ஆடிட்டர் விடமாட்டார். ஆனால் போர் நடத்தும் அரசுகளுக்கு அப்படி ஒரு ஆடிட்டர் கிடையாது. அதிலும் கை போனவனுக்கும் கால் போனவனுக்கும் கணக்கு எழுதாமல் தப்பிக்க முடியாது, கண்ணுக்குத் தெரிகிறதே! மனசு உடைந்தவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒரு சுலபமான வழி இருக்கிறது. நோயின் பெயரை மாற்றிவிட்டால் போதும்.

கடந்த நூறு வருட வரலாற்றைப் புரட்டினால் இது தெளிவாகத் தெரியும். சிப்பாயின் மனம் உடையும்போது அரசுகள் முதலில் கூப்பிடுவது வைத்தியரை அல்ல, குமாஸ்தாவை!

உள்ளே என்னதான் நடக்கிறது?

முதலில் நோயைப் பற்றி. ஆபத்து வந்தால் உடம்பு அலாரம் அடிக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், கண் அகலும், தசை இறுகும், அட்ரினலின் சுரக்கும். மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அலாரம் அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. ஆபத்து போனதும் அலாரம் நிற்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு நின்றுவிடும். எதிரே தப்பாக வந்த லாரியில் இருந்து தப்பித்தவன் ஒரு மணி நேரம் கை நடுங்குவான், டீ குடிப்பான், சரியாகிவிடுவான்.

ஆனால் மாதக்கணக்கில் தினமும் அலாரம் அடித்துக் கொண்டே இருந்தால்? ஒரு கட்டத்தில் அது நிற்கவே தெரியாமல் போய்விடுகிறது. ஈராக்கில் சாலையோரம் கிடந்த குப்பைப் பைக்குள் குண்டு இருக்கும். அதைப் பார்த்ததும் வண்டியை ஒடித்தவன் பிழைத்தான். அதே ஆள் ஊருக்கு வந்து, மனைவி குழந்தையோடு காரில் போகும்போது குப்பைப் பையைப் பார்த்து வண்டியை ஒடித்தால் அதற்குப் பெயர் நோய். போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றிய அதே பழக்கம் வீட்டில் குடும்பத்தைக் குலைக்கிறது.

கெட்ட கனவுகள், பழைய காட்சி இப்போதே நடப்பது போலக் கண்முன் ஓடுவது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளி விழுவது, கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவது, யாரிடமும் பாசம் காட்ட முடியாமல் மரத்துப் போவது... இதெல்லாம் சேர்ந்ததுதான் இன்று பி.டி.எஸ்.டி. என்று அழைக்கப்படும் நோய். இதைத் தாங்க முடியாமல் குடியில் விழுபவர்கள் பலர்.

இன்னொன்றும் உண்டு. பயம் மட்டும் காயம் அல்ல, குற்ற உணர்ச்சியும் காயம்தான். வியட்நாம் போர் வீரர்களுக்குப் பல வருடம் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1994இல் வெளியிட்ட புத்தகத்தில் வியட்நாம் வீரர்களையும் ஹோமரின் காவியத்தில் வரும் அக்கிலீஸையும் ஒப்பிட்டு எழுதினார். தன்னை வழிநடத்த வேண்டியவர்களே தர்மத்தை மீறும்போது வீரனின் குணமே உடைந்து போகிறது என்பது அவர் வாதம். ‘அறக் காயம்’ என்ற கருத்து வளர்ந்தது இப்படித்தான். யார் உத்தரவில் சுட்டான், யாரைச் சுட்டான், யாரைக் காப்பாற்ற முடியாமல் விட்டான் என்ற கேள்விகள் ராத்திரி மூன்று மணிக்கு வந்து கதவைத் தட்டுகின்றன. மாத்திரை மட்டும் போட்டால் இந்தக் காயம் ஆறிவிடாது.

டபிள்யூவா, எஸ்ஸா?

இப்போது பெயர் மாற்றும் கதைக்கு வருவோம். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மனோதத்துவ மருத்துவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஷெல் குண்டு பக்கத்தில் வெடித்த பிறகு பார்வை, ஞாபகம், வாசனை, ருசி எல்லாம் பாதிக்கப்பட்ட மூன்று சிப்பாய்களைப் பற்றியது அது. ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் மருத்துவ உலகில் அச்சேறியது அப்போதுதான்.

அடுத்து ராணுவம் என்ன செய்தது? நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் ஷெல் பக்கத்தில் வெடித்து வந்த நோய் என்றால் டபிள்யூ, அதாவது காயம்பட்டவன். அவன் சட்டைக் கையில் காயப் பட்டை அணியலாம், ஓய்வூதியத்துக்கும் உரிமை உண்டு. ஷெல் வெடிக்காமல் சும்மா ‘நரம்பு தளர்ந்தது’ என்றால் எஸ், வெறும் சீக்காளி. அவனுக்குப் பட்டையும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. நடுக்கம் ஒன்றே, கனவும் ஒன்றே. ஃபாரத்தில் இருக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்! அந்த எழுத்தில்தான் பணமும் மானமும் இருந்தது.

அதுவும் போதவில்லை. 1917இல் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லையே ஆவணங்களில் எழுதக்கூடாது என்று உத்தரவு வந்தது. பதிலாக ‘இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு சம்பந்தமானது’ என்று எழுத வேண்டுமாம். நோய் குறைந்ததா? இல்லை. 1921இல் பிரிட்டனில் சுமார் 65,000 முன்னாள் வீரர்கள் நரம்புத் தளர்ச்சிக்காக ஓய்வூதியம் வாங்கிக் கொண்டிருந்தார்கள். சொல்லைத் தடை செய்தார்களே தவிர நோயைத் தடை செய்ய முடியவில்லை.

ஓய்வூதியத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹாரி ஃபார் என்ற சிப்பாயின் கதையைப் பாருங்கள். 1915இல் ஷெல் ஷாக்கால் பாதிக்கப்பட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கை நடுக்கத்தால் மனைவிக்குக் கடிதம்கூட எழுத முடியாமல் நர்ஸ் எழுதித் தர வேண்டியிருந்தது. அவரை மறுபடியும் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1916இல் சோம் போரின்போது முன்வரிசைக்குப் போக முடியாது என்று நின்றுவிட்டார். கோழைத்தனம் என்று குற்றச்சாட்டு. அவருக்காகப் பேச வக்கீல் இல்லை, விசாரணை கொஞ்ச நேரத்தில் முடிந்தது. அக்டோபரில் சொந்த நாட்டு ராணுவமே சுட்டுக் கொன்றது. வயது 25. மனைவிக்கு வந்து கொண்டிருந்த பணமும் நின்று போனது.

இப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006இல் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. 90 வருடம் கழித்து! ஹாரி ஃபாரின் மகள் அதற்காகக் கோர்ட் வரைக்கும் போராடினார். நல்ல விஷயம்தானே என்று கைதட்டும் முன்பு அந்தச் சட்டத்தின் 359ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். இந்த மன்னிப்பால் பழைய தீர்ப்போ தண்டனையோ மாறாது, யாருக்கும் எந்த உரிமையும் எழாது, எந்தப் பொறுப்பும் எழாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னிப்பு உண்டு, பாக்கி கிடையாது! கண்ணீர் விடும்போதும் கல்லாப்பெட்டியில் ஒரு கை இருந்திருக்கிறது.

ஜெனரலின் அறை

1939இல் அடுத்த உலகப் போர் வாசலில் நின்றபோது பிரிட்டன் பழைய அனுபவத்தில் இருந்து என்ன பாடம் கற்றது? அந்த வருடம் ஓய்வூதிய அமைச்சகம் கூட்டிய நிபுணர்கள், போர் நடக்கும்வரை மனநோய்க்கு ஓய்வூதியம் தரக்கூடாது என்று பரிந்துரைத்தார்கள். காசு கொடுத்தால்தான் நோய் வருகிறதாம்! நெருப்பு இன்ஷூரன்ஸை நிறுத்தினால் ஊரில் தீ விபத்தே நடக்காது என்று சொல்வது போலத்தான்.

1943 ஆகஸ்டில் சிசிலியில் அமெரிக்க ஜெனரல் பேட்டன் ராணுவ ஆஸ்பத்திரிகளைப் பார்வையிடப் போனார். காயம் எதுவும் வெளியே தெரியாத இரண்டு சிப்பாய்களை, வெவ்வேறு நாட்களில், கோழை என்று திட்டி அறைந்தார். அதில் ஒருவருக்கு மலேரியா இருந்தது பின்னால் தெரிந்தது. ஐசனோவர் பேட்டனை மன்னிப்புக் கேட்க வைத்தார். இன்றைக்கும் பேட்டனுக்கு ரசிகர்கள் உண்டு. ‘அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு’ என்று பேசுபவர்களும் உண்டு.

அந்த இரும்பு ஆட்களைப் பற்றி அமெரிக்க ராணுவ மருத்துவர்களே 1946இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முடிவு என்ன? ஒரு சராசரி காலாட்படை வீரன் 200 முதல் 240 சண்டை நாட்கள் வரை தாங்குவான், அதற்கு மேல் உடைந்து விடுவான். பலவீனமானவன் மட்டும் உடைவான் என்பதெல்லாம் பொய், போதுமான நாள் வைத்திருந்தால் எல்லோரும் உடைவார்கள் என்பதுதான் சாரம். டயருக்கு இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று இருப்பது போல மனிதனுக்கும் இத்தனை நாள் என்று இருக்கிறது. டயர் தேய்ந்தால் நாம் டயரைத் திட்டுவதில்லை.

இதே 1946இல் பிரபல இயக்குநர் ஜான் ஹூஸ்டன், மனம் உடைந்த வீரர்கள் சிகிச்சை பெறுவதை ராணுவத்துக்காகவே ஆவணப்படமாக எடுத்துக் கொடுத்தார். படத்தின் பெயர் ‘லெட் தேர் பி லைட்’, அதாவது ஒளி உண்டாகட்டும். ராணுவம் அதைப் பூட்டி இருட்டில் வைத்தது. பொதுமக்கள் பார்க்க 1980களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காணாமல் போன வியாதி

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்களுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. 1952இல் வந்த முதல் பதிப்பில் போர் போன்ற கடும் நெருக்கடியால் வரும் பாதிப்புக்கு ஒரு பெயர் இருந்தது. 1968இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பெயரைக் காணோம்! வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. லட்சக்கணக்கான இளைஞர்கள் காட்டில் இருந்தார்கள், அவர்களுக்கு வரப்போகும் நோய் புத்தகத்திலேயே இல்லை. இதைச் சதி என்று சொல்ல வேண்டியதில்லை. விளைவு ஒன்றுதான். வீடு திரும்பியவன் டாக்டரிடம் போனால் குடிகாரன் என்றோ வேறு மனநோயாளி என்றோ எழுதப்பட்டான். போர் என்ற வார்த்தையே வரவில்லை.

அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டு வந்தது யார்? அரசு அல்ல. 1970 வாக்கில் நியூயார்க்கில் வியட்நாம் வீரர்களே வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைப் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன், கைம் ஷட்டான் என்ற இரண்டு மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்தார்கள். பல வருட சண்டைக்குப் பிறகு 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. இடம் பிடித்தது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் உத்தரவின்பேரில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் முழுமையாக இருந்திருக்கிறது என்று அது சொன்னது. பத்தில் மூன்று பேர்! புத்தகத்தில் இல்லாத நோய் இத்தனை பேருக்கு இருந்திருக்கிறது.

‘முன்பே இருந்த நோய்’

சரி, பெயர் கிடைத்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை. மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்தவர்களுக்கு ஒரு வாசகம் பழக்கம். ‘முன்பே இருந்த நோய்.’ இந்த ஒரு வரியைக் காட்டி எத்தனை கிளெய்ம் தள்ளுபடி ஆகியிருக்கும்! ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க ராணுவம் பிடித்துக் கொண்டதும் இதே வரியைத்தான்.

2001 முதல் 2010 வரை 31,000க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கப் படைகள் ‘ஆளுமைக் கோளாறு’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பின. ஆளுமைக் கோளாறு என்றால் இளம் வயதில் இருந்தே இருப்பது, ராணுவத்துக்கு வரும் முன்பே இருந்தது என்று அர்த்தம். ஆகவே போரால் வந்தது அல்ல. ஆகவே அதற்கு இழப்பீடு கிடையாது. எவ்வளவு சுத்தமான கணக்கு பாருங்கள்!

இதில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. சேர்க்கும்போது மருத்துவப் பரிசோதனை செய்தது யார்? ‘தகுதியானவன்’ என்று முத்திரை குத்தியது யார்? போருக்கு அனுப்பும்போது நல்ல சரக்கு, திருப்பி அனுப்பும்போது மட்டும் பிறவியிலேயே ஓட்டையா? மளிகைக் கடைக்காரர்கூட இப்படிப் பேசினால் தெருவில் சண்டை வரும்.

2007இல் பத்திரிகைகளும் நாடாளுமன்றக் குழுவும் கேள்வி கேட்ட பிறகுதான் விதிகள் இறுக்கப்பட்டன. அந்தப் பெயரில் அனுப்புவது குறைந்தது. உடனே ‘அனுசரிப்புக் கோளாறு’ என்ற இன்னொரு பெயரில் அனுப்புவது கூடிவிட்டது என்று முன்னாள் வீரர்களின் அமைப்புகள் குற்றம் சாட்டின. 2008இல் டெக்சாஸில் முன்னாள் வீரர் நலத்துறை மருத்துவமனை ஒன்றில் இருந்து ஒரு மின்னஞ்சல் வெளியே கசிந்தது. இழப்பீடு கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள், பி.டி.எஸ்.டி. என்று உடனே எழுத வேண்டாம், வேறு பெயரை யோசியுங்கள் என்பது அதன் உள்ளடக்கம். துறை அதைத் தன் கொள்கை இல்லை என்று மறுத்தது. 2012இல் வாஷிங்டன் மாநிலத்தின் மடிகன் ராணுவ மருத்துவமனையில் ஏற்கனவே பி.டி.எஸ்.டி. என்று எழுதப்பட்டவர்கள் பலரின் நோய்ப் பெயர் மாற்றப்பட்டதாகப் புகார் எழுந்து ராணுவமே விசாரிக்க வேண்டி வந்தது. ஒரு வீரனுக்கு இந்த நோய் என்று எழுதினால் வாழ்நாள் முழுவதும் 15 லட்சம் டாலர் வரை செலவாகும் என்று அங்கே ஒரு மருத்துவர் சக மருத்துவர்களிடம் பேசியதாகவும் செய்தி வந்தது. ஸ்டெதஸ்கோப் மாட்டிக் கொண்டு கால்குலேட்டர் தட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் போர்ச் செலவுகளை ஆராயும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2021இல் அது வெளியிட்ட அறிக்கை, 2001க்குப் பிந்தைய போர்களில் பணியாற்றியவர்களில் தற்கொலை செய்து கொண்டவர்களின் எண்ணிக்கையை 30,177 என்று மதிப்பிட்டது. அதே போர்களில் களத்திலும் பணியிலும் இறந்தவர்கள் 7,057. எதிரி கொன்றதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வீட்டில் போயிருக்கிறது! எல்லாத் தற்கொலைக்கும் போர்க்களம் மட்டும் காரணம் இல்லை என்று அந்த அறிக்கையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்த 30,177 பேரின் பெயரை எந்தப் போர் நினைவுச் சுவரில் எழுதுவார்கள்?

‘நடிக்கிறார்கள்’ என்பவர்களுக்கு

இவ்வளவு சொன்ன பிறகும் மூன்று வாதங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் வாதம்: பணத்துக்காக நடிக்கிறார்கள். நடிப்பவர்கள் சிலர் எங்கேயும் இருப்பார்கள். ஆனால் 2004இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு என்ன சொல்கிறது? ஈராக், ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பி, மனநோய் அறிகுறிகள் இருந்தவர்களில் உதவி தேடிப் போனவர்கள் 23 முதல் 40 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் ஏன் போகவில்லை? கோழை என்பார்கள், கூட இருப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்ற பயம். நோய் இல்லாமல் நடிப்பவனை விட, நோய் இருந்தும் இல்லாதவன் போல நடிப்பவன்தான் மிக அதிகம்!

இரண்டாவது வாதம்: விருப்பப்பட்டுத்தானே சேர்ந்தார்கள்? சரி, அப்படியே வைத்துக் கொள்வோம். விருப்பப்பட்டுச் சேர்ந்தால் அது ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும். அவன் தன் பக்கத்தை நிறைவேற்றிவிட்டான். உயிரைப் பணயம் வைத்தான். மறுபக்கம் கையெழுத்துப் போட்டவர் எங்கே? பட்டாசு ஆலையிலும் விருப்பப்பட்டுத்தான் சேர்கிறார்கள். அதற்காக விபத்து நடந்தால் முதலாளியை விட்டுவிட முடியுமா?

மூன்றாவது வாதம்: என்ன செய்தாலும் இது குணமாகாது, எதற்குச் செலவு? இது வெறும் அறியாமை. பயந்து ஒதுங்கிய நினைவைப் பாதுகாப்பான சூழலில் மெல்ல மெல்ல எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை இருக்கிறது. ‘எல்லாம் என் தப்பு’ என்பது போன்ற எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் சிகிச்சையும் இருக்கிறது. இரண்டும் பலருக்குப் பலன் தந்திருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லோருக்கும் முழுதாகக் குணமாகாது என்பது உண்மைதான். சர்க்கரை வியாதியும்தான் முழுதாகக் குணமாகாது, அதற்காக மாத்திரை கொடுக்காமல் விடுகிறோமா? ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் முதல் படி ஒன்று உண்டு. நோயின் பெயரைச் சரியாக எழுத வேண்டும்.

இது வெள்ளைக்காரன் கதை மட்டுமா?

இங்கிலாந்து, அமெரிக்கா கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே அதற்கு இன்னொரு பெயர். இப்படி ஊர்கள் இருக்கும் நாட்டில் இந்தக் கேள்வி நமக்கும் உண்டு.

இந்திய ராணுவத்தில் டிசபிலிட்டி பென்ஷன் வேண்டும் என்றால், நோய் பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்று ஆக வேண்டும். பல வருடமாக மருத்துவ வாரியங்கள் ‘உடல்வாகால் வந்தது, பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரே வரியில் எழுதித் தள்ளின. மெடிக்ளெய்ம் வரிக்கு அண்ணன் தம்பிதான் இது. வலிப்பு நோய் என்று திருப்பி அனுப்பப்பட்ட தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் ஓங்கி அடித்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை, சந்தேகத்தின் பலன் வீரனுக்கே என்றது அந்தத் தீர்ப்பு. அருமையான தீர்ப்பு!

ஆனால் 2019இல் மனச்சிதைவு நோய் வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. மனநோயைச் சேர்க்கும்போதே கண்டுபிடித்துவிட முடியாது, ஆகவே தானாகப் பணியால் வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. சட்ட நுணுக்கம் எப்படியோ இருக்கட்டும். உடம்பு வியாதிக்குக் கிடைக்கும் சந்தேகத்தின் பலன் மனசு வியாதி என்று வந்ததும் ஏன் கைமாறுகிறது? 2023இல் இந்த பென்ஷன் விதிகள் மாற்றப்பட்டபோது முன்னாள் வீரர்கள் கொதித்ததற்குக் காரணம் இருக்கிறது. நூறு வருடம் முன்பு ஃபாரத்தில் எழுதிய அந்த எஸ் என்ற எழுத்து வேறு ஊரில், வேறு மொழியில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

என்ன கேட்க வேண்டும்?

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தகுதியானவன் என்று முத்திரை குத்திச் சேர்த்த அரசு, அவன் உடைந்து திரும்பும்போது ‘முன்பே இருந்தது’ என்று சொல்ல விரும்பினால் அதை அரசே நிரூபிக்கட்டும். மனசுக்கும் உடம்புக்கும் ஒரே விதி இருக்கட்டும். நோயின் பெயரை எழுதும் மருத்துவருக்கும் பணத்தைக் கொடுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கட்டும். வங்கியில் கடன் கொடுப்பவரே தணிக்கையும் செய்யக்கூடாது என்று விதி இருக்கும்போது, இது மட்டும் ஏன் கூடாது? ஒரு போருக்குப் பணம் ஒதுக்கும் அன்றே அடுத்த ஐம்பது வருட மருத்துவச் செலவையும் சேர்த்துச் சபையில் சொல்லட்டும். மொத்தத் தொகையைக் கேட்ட பிறகும் கை தூக்குபவர்கள் தூக்கட்டும்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வீரர்களுக்கு ஒரு சல்யூட் வைக்கிறோம். தப்பில்லை. ஆனால் சல்யூட்டுக்குச் செலவு கிடையாது. அதனால்தான் எல்லா அரசும் அதைத் தாராளமாகத் தருகிறது. ராத்திரி தூங்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் சிப்பாய்க்கு வேண்டியது சல்யூட் அல்ல. அவன் ஃபாரத்தில் நோயின் சரியான பெயர், அதன் எதிரே ஒரு தொகை, கீழே ஒரு கையெழுத்து.

பெயரை மாற்றினால் பாக்கி தீராது. வேறு யாரோ கட்டுவார்கள், அவ்வளவுதான். இதுவரை கட்டிக் கொண்டிருப்பது அவன் மனைவியும் பிள்ளைகளும்.